உச்சி வெயிலில் என் கால்களைப் பார்த்தவர்கள்

போன வருடம் சித்திரை மாதம். கத்திரி தொடங்கச் சில நாட்கள் இருந்தன. விராலிமலைப் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊரில் நடந்தது இது. ஊர்ப் பெயர் வேண்டாம் என்று நினைக்கிறேன். என் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். எனக்கு அப்படிச் சொந்தக்காரர்கள் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் புதுக்கோட்டையில் ஒரு பம்ப்செட் கடையில் மெக்கானிக். பிறந்து வளர்ந்தது கரூர்ப் பக்கம். மனைவியின் ஊர் புதுக்கோட்டை என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே வந்துவிட்டேன். அப்பாவை நான் பார்த்ததில்லை. நான் அம்மா வயிற்றில் இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அம்மா பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள், அதற்குப் பிறகு அப்பா வழி ஆட்களோடு பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளவில்லை. எப்போது கேட்டாலும், "இடுப்பு நோவு வந்து கெடந்தாரு, போயிட்டாரு" என்பாள். அதற்கு மேல் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஊர் விராலிமலைப் பக்கம் என்பதும், என் சான்றிதழ்களில் இருக்கும் அவருடைய பெயரும்தான் எனக்குத் தெரிந்தவை. ஒரு போட்டோகூடக் கிடையாது. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு கேட்பதற்கும் ஆளில்லை.

அந்தச் சித்திரைக்கு இரண்டு மாதம் முன்னால், மாசியில், போர்வெல்லிலிருந்து குழாய் ஏற்றும்போது என் இடுப்பில் சுளீர் என்று ஒரு வலி. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அந்த வலி இடது கால் வழியாகக் கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் அடித்ததுபோல இறங்க ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார், இடுப்புக்குப் பெல்ட் போடச் சொன்னார், இன்னும் என்னென்னவோ சொன்னார். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்பது மட்டும்தான் என் மண்டையில் நின்றது.

வலி பொறுக்காமல் என் உடம்பு தானாகவே ஒரு நடையைக் கண்டுபிடித்துக்கொண்டது. இடுப்புக்கு மேலே உடம்பு முழுக்க வலப்பக்கம் சாய்ந்திருக்கும். வலது கை இடுப்பைப் பிடித்திருக்கும். இடது கால் கொஞ்சம் இழுபடும். நிமிர்ந்து நடக்க முயன்றால் உயிர் போய்விடும். ஒருநாள் என் மனைவி நான் வாசலிலிருந்து நடந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேற யாரோ ஒங்க சட்டையைப் போட்டுக்கிட்டு நடந்து வர்ற மாதிரி இருக்குங்க" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. அது என்னுடைய நடை இல்லை.

கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு, கடையில் ஸ்டார்ட்டர் பெட்டி ரிப்பேர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலையில் முதலாளி கூப்பிட்டார். விராலிமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை, பயிர் காய்கிறது, அனுப்ப வேறு ஆள் இல்லை. "எதையும் தூக்க வேணாம்ப்பா. பெட்டியைத் தொறந்து பாத்துட்டு மட்டும் வந்துரு" என்றார். மனைவி போகக் கூடாது என்று சண்டை போட்டாள். பைக் ஓட்ட முடியாததால் பஸ்ஸில் கிளம்பினேன்.

பஸ்ஸில் எனக்கு விசித்திரமாக ஒன்று நடந்தது. உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் சீட் தெரியவில்லை. பள்ளத்தில் பஸ் தூக்கிப் போடுகிறது, எல்லாரும் குலுங்குகிறார்கள், எனக்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோல இருக்கிறது. தொடையின் உள்பக்கம் கிள்ளிப் பார்த்தேன். அடுத்தவர் தொடையைக் கிள்ளியதுபோல இருந்தது. அதைவிட ஆச்சரியம், அத்தனை நாள் குடைந்துகொண்டிருந்த கால் வலி அன்றைக்குக் குறைந்திருந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

இறங்கும்போது உச்சி நேரம். தோட்டத்துக்காரர் போனில் வழி சொல்லியிருந்தார். கண்மாய்க் கரையோடு போய்த் தைலமரக்காட்டைத் தாண்டினால் ஊர் வரும், அங்கே கடையில் கேட்டால் தோட்டத்தைக் காட்டுவார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தேன். கண்மாயில் தண்ணீர் இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எப்போதும் மயில் கத்துகிற பகுதி அது. அன்று ஒரு சத்தமும் இல்லை. என் செருப்பு மண்ணில் இழுபடும் சத்தம் மட்டும்தான்.

எதிர்க்கரையில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். சரியான வழிதானா என்று கேட்கலாம் என்று கையை உயர்த்தினேன். அவள் நெற்றியில் கை வைத்து என்னைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். பிறகு கம்பைக் கீழே போட்டாள். ஆடுகளை அங்கேயே விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாம்பு கீம்பு பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தைலமரக்காட்டுக்குள் எதிரே ஒருவர் மொபெட்டில் வந்தார். நரைத்த மீசை. என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். "ஐயா, ஊருக்கு இப்படித்தான..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்தார். கால் தரையில் படுகிறதா என்று பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. உதடு ஏதோ முணுமுணுத்தது. வண்டியை எடுக்காமல், அப்படியே தள்ளிக்கொண்டு மரங்களுக்குள் இறங்கி, என்னைச் சுற்றிக்கொண்டு போனார். போகும்போது முதுகைக் காட்டவில்லை. என்னைப் பார்த்தபடியே போனார்.

அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது என்றால் நம்புவீர்களா? திரும்பிப் பார்த்தேன், என் பின்னால் ஏதாவது வருகிறதா என்று. தைலமரங்கள்தான் வரிசை வரிசையாக நின்றன.

ஊர் முகப்பில் ஒரு பெட்டிக்கடை. கடைக்கார அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். சொம்பில் மொண்டு வந்தவர், நான் கை நீட்டியதும் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அவரும் என் கால்களைத்தான் பார்த்தார். கடை ஓரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். எனக்குக் குனிந்து சொம்பை எடுக்க முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்போது பின்னாலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். என் பெயரைச் சொல்லி அல்ல. என் அப்பாவின் பெயரைச் சொல்லி.

அந்தப் பெயரை அதுவரை நான் சான்றிதழ்களில்தான் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதக் குரல் அதைச் சொல்லிக் கேட்டதே இல்லை. திரும்பினேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் நின்றிருந்தார். பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு அந்த ஆடு மேய்த்த பெண். நான் பார்த்தது அவளை அல்ல. அந்த அம்மா வலப்பக்கம் சாய்ந்து நின்றார். வலது கை இடுப்பில், நான் பிடித்திருக்கும் அதே இடத்தில் இருந்தது. இடது கால் குதிகால் தரையில் படாமல் லேசாகத் தூக்கியிருந்தது. அசப்பில், கண்ணாடிக் கடை முன்னால் நிற்பதுபோல இருந்தது எனக்கு.

அவர் கை கூப்பினார். "எதுக்குண்ணே வந்த? வருசந்தவறாம படையல் போட்டுக்கிட்டுத்தானண்ணே இருக்கோம். இன்னும் என்னண்ணே கொற ஒனக்கு?"

"அம்மா, நான் அவரு இல்லைங்க" என்றேன். "அவரு மகன்."

யாரும் அசையவில்லை. அந்த அம்மா மட்டும் மெல்லச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். என் முழங்கையைத் தொட்டார். பிறகு முகத்தை. ஆடு மேய்த்த பெண்ணைத் திரும்பிப் பார்த்து, "சூடு இருக்குடி" என்றார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

அவர் என் அப்பாவின் தங்கை. என் அத்தை.

வீடு பக்கத்திலேயே இருந்தது. சிமெண்டுத் தரையில் பாய் விரித்து என்னைப் படுக்க வைத்தார். வாசலில் கூட்டம். அத்தை சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் விளங்கியது. அப்பாவுக்கும் இதே வயதில், இதே பக்கம் வந்திருக்கிறது. உச்சி நேரத்தில் கண்மாய்க் கரையோடு, தலையில் துண்டோடு, இப்படித்தான் சாய்ந்து நடந்து தோட்டத்துக் கிணற்றுக்குப் போவாராம். ஒருநாள் அந்தக் கிணற்றில் பிணமாகக் கிடந்தார். அதற்குப் பிறகு கரையில் அவர் நடப்பதைப் பார்த்ததாக ஊரில் பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஆடு மேய்த்த பெண் ஓடி வந்து அத்தையிடம் சொன்னது, "ஒங்கண்ணன் வாராரு" என்றுதான்.

அப்பாவுக்கு மட்டும் இல்லை. தாத்தாவுக்கும் வந்திருக்கிறது. தாத்தாவின் தம்பி கடைசி வரை படுக்கையில்தான் கிடந்தாராம். கிணறு வெட்டிய இடம் முனியின் எல்லை, அதனால் தலைமுறைக்குத் தலைமுறை அந்த வீட்டு ஆட்களை முனி இடுப்பில் அடிக்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. முனி கோயில் வாசலில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். அப்பா இறந்ததும், வயிற்றுப் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்றுதான் என் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போயிருக்கிறாள்.

"நீ எந்தத் தோட்டத்துக்கு வந்த தம்பி?" என்று அத்தை கேட்டார். தோட்டத்துக்காரர் பேரைச் சொன்னேன். அத்தையின் முகம் மாறியது. "அது நாங்க வித்த தோட்டம். மோட்டார் கெடக்குறது அந்தக் கெணத்துலதான்" என்றார்.

எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும்போல இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. இடுப்புக்குக் கீழே இருப்பது என் பேச்சைக் கேட்கவில்லை. அத்தை கையமர்த்தினார். அவர் தன் போக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

"முனி தள்ளிவிட்டுருச்சுன்னு சொன்னாக. எனக்கில்ல தெரியும். மொதல்ல கால் வலிச்சுச்சு. அப்புறம் வலி கொறஞ்சுருச்சு. முனி எறங்கிருச்சுன்னு பொங்க வச்சோம். அப்புறம் உக்காந்த எடம் மரத்துப்போச்சு. ஒண்ணுக்குப் போக வரல, பெறகு தன்னால போக ஆரம்பிச்சுருச்சு. கட்டுன பொண்டாட்டி புள்ளத்தாச்சி, அவ கையால இத அலசக் கூடாதுன்னு, வேட்டியத் தானே அலசத்தான் கெணத்துக்குப் போனாரு எங்கண்ணன். கால்ல உணர்ச்சி இல்ல. வழுக்கியிருக்கும். அவ்வளவுதான்."

என் கை தானாகத் தொடைக்குப் போனது. கிள்ளினேன். ஒன்றும் இல்லை.

அத்தை அந்தக் கையைப் பார்த்துவிட்டார். வாசலில் அத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் பார்க்காமல் கேட்டார், "இன்னைக்கு ஒண்ணுக்குப் போனியா?"

யோசித்தேன். காலையில் எழுந்ததிலிருந்து போகவில்லை. பஸ்ஸில் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்திருந்தேன். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்தது. ஆனால் முட்டவே இல்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அத்தை தன் மகனைக் கூப்பிட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மகனிடம் ஒரு லோடு ஆட்டோ இருந்தது. பின்னால் மெத்தையை விரித்து, நாலு பேர் என்னைப் பாயோடு தூக்கிக் கிடத்தினார்கள். யாரோ முனி கோயிலில் விபூதி வாங்கிக்கொண்டு போகலாம் என்று சொன்னார்கள். "திருநீறைப் பெறகு பூசிக்கலாம். வண்டிய எடுடா திருச்சிக்கு" என்று அத்தை என் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தார். அவருக்கே இந்த நோய் வந்தபோது, ஊர்க்காரர்கள் பேச்சைக் கேட்காமல் அவருடைய புருஷன் அவரைத் திருச்சிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அதனால்தான் அவர் நடக்கிறார். கண்மாய்க் கரையைத் தாண்டும்போது அவர் சேலைத் தலைப்பால் என் கண்ணை மறைத்தார். வெயிலுக்காகவா, இல்லை வேறு எதற்காகவா என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் ஊசி முனையால் என்னைக் குத்திக் குத்திக் கேட்டார். பல இடங்களில் அவர் குத்தியதே எனக்குத் தெரியவில்லை. அவர் முகம் இறுகியது. டிஸ்க் முழுசாக உடைந்து, கீழே போகிற நரம்புக் கொத்தையே நசுக்கிக்கொண்டிருக்கிறது, வலி குறைந்தது குணமானதால் அல்ல, நரம்பு செத்துக்கொண்டிருப்பதால் என்றார். ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் சிறுநீர் தானாகப் போவதும் கால் நடப்பதும் திரும்பியிருக்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். சாயங்காலமே ஆபரேஷன் நடந்தது.

விஷயம் கேள்விப்பட்டு என் மனைவி ஓடி வந்திருக்கிறாள். ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் தூரத்தில் அத்தை நடந்து வருவதைப் பார்த்ததும், யார் என்று யாரும் சொல்லாமலே எழுந்து நின்றுவிட்டாளாம். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாளாம்.

எனக்கு நினைவு திரும்பிய பிறகு அத்தைதான் டாக்டரிடம் கேட்டார், "அப்ப இது எங்க பரம்பரைச் சாபம் இல்லீங்களா?" டாக்டர் சிரிக்கவில்லை. கட்டில் ஓரம் நின்று பொறுமையாகச் சொன்னார். "பரம்பரைங்கிறது நெசந்தாம்மா. நெறம், உயரம் வர்ற மாதிரி, டிஸ்க்கோட பலமும் கொஞ்சம் ரத்தத்துலயே வருது. சில வீட்டு ஆளுங்களுக்குச் சின்ன வயசுலயே தேஞ்சுரும். வலி எவ்வளவு தெரியும், எவ்வளவு சீக்கிரம் தேறி வருவாங்கங்கிறதுலகூட அதுக்குப் பங்கு இருக்கு. ஆனா பொறப்பே எல்லாத்தையும் முடிவு பண்றது இல்ல. ஒங்களையும் ஒங்க அண்ணனையும் பாருங்க. ஒரே ரத்தம். நீங்க வைத்தியத்துக்கு வந்தீங்க, அவர் வரல."

அத்தை என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "எங்கண்ணன் என்னமோ தப்புப் பண்ணிருச்சுன்னுல்ல இத்தன வருசம் நெனச்சுக்கிட்டு இருந்தோம்" என்றார்.

சிறுநீர் போவதற்காகப் போட்டிருந்த குழாயை எடுக்க வாரக்கணக்கில் ஆயிற்று. தானாகப் போன அன்றைக்கு நான் குளியலறையில் அழுதேன். இடது பாதத்தில் ஒரு விரல் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. போர்வெல் வேலையை விட்டுவிட்டேன். கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். தினமும் பயிற்சி செய்கிறேன். நடை நேராகிவிட்டது, களைத்துப்போனால் மட்டும் பழையபடி சாயும்.

போன மாதம் ஒரு மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தேன். எங்கள் மகள் சமையலறை வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். வலப்பக்கம் சாய்ந்து, வலது கை இடுப்பில், இடது கால் லேசாகத் தூக்கி. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஒங்களை மாதிரி நடிச்சுக் காட்டுனேன்ப்பா" என்றாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

அன்றைக்கு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தாவைப் பற்றி, அத்தையைப் பற்றி, எது வலி, எது வலியைவிட ஆபத்து, எது வந்தால் வெட்கப்படாமல் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது வரை. பயந்துவிடுவாளோ என்று மனைவி தடுத்தாள்; நான் நிறுத்தவில்லை. முகம் தெரியாத என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து அந்த நோவு ஒன்றுதான். ஆனால் வெட்கத்தை மறைக்கத் தனியாகக் கிணற்றுக்கு நடந்த அந்த மனிதரின் கதையை அன்று ஒருத்தி சத்தமாகச் சொன்னதால்தான், இன்றைக்கு அவருடைய பேத்திக்கு அதைச் சொல்ல நான் உயிரோடு, என் சொந்தக் கால்களில் நிற்கிறேன்.